தேசிக்காய் யாருடையது?

பஃபலோ எல்லையில், அமெரிக்கப் பக்கத்துக் கட்டடத்துக்குள், சாரதிகளை இருத்திவைப்பதற்கென்று ஒரு நீட்டு வாங்கு இருக்கிறது. யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமோ என்னவோ, அதை நிலத்தோடு சேர்த்து முடுக்கியிருக்கிறார்கள். பனி உருகி றோட்டெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு மத்தியானம் நான் அந்த வாங்கில் இருந்தேன். சப்பாத்திலிருந்து ஊத்தைத் தண்ணீர் வடிந்து, மினுக்கிவைத்த நிலத்தில் பரவிக்கொண்டிருந்தது. காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எதிரே மேசையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் குங்குமம் அப்பிய, தோல் சுருங்கத் தொடங்கிய ஒரு தேசிக்காய், ஒற்றை எலுமிச்சை. போகிற வருகிற அதிகாரிகள் முதலில் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். திரையில் 'வசந்தி' என்று இருந்தது. பெயருக்குக் கீழே நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லை வரிசையில் நிற்கும்போது என் மனைவியோடு பேசிக்கொண்டு வந்தேன். அதிகாரியின் கூண்டுக்குக் கிட்ட வந்ததும் லைனை வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. கூண்டடியில் சொன்னது, ட்ரக்கடியில் நின்று சொன்னது, சொல்லிவிட்டுச் சிரித்தது எல்லாம் ஸ்காபரோவில், மல்வேர்னில் எங்கள் வீட்டுக் குசினிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

போனைக் காதில் வைத்தேன்.

"வசந்தி?"

"ம்."

"எப்பயிருந்து லைனில நிக்கிறீர்?"

"நீங்க வைக்கல்லத்தானே" என்றாள்.

நான் வெட்கப்பட்ட இடங்கள் பல. ட்ரக்கைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாமல் ஒரு கிடங்கு வாசலில் எல்லோரும் கோப்பியோடு நின்று வேடிக்கை பார்க்கத் திண்டாடியிருக்கிறேன். சாமான் கொண்டுபோன இடத்தில் கழிவறைக்குள் விடமாட்டோம் என்று சொல்ல, போத்தலோடு ட்ரக்குக்குள் ஒதுங்கியிருக்கிறேன். அதையெல்லாம் இந்தத் தொடரில் பகிடியாக எழுதித் தள்ளிவிட்டேன். இதைப் பகிடியாக எழுத வரவில்லை.

எழுதலாமா என்று வசந்தியிடமே கேட்டேன். "எழுதுங்க. என்ட பேரை மட்டும் மாத்த வேணாம்" என்றாள்.

பாயோடு ஒட்டும் கதை

இடையில் வாசிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிக் கத்தோலிக்கன். வசந்தி மட்டக்களப்பு, சைவக்காரி. ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் மாக் குழைக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்று பழகிக் கல்யாணம் செய்தவர்கள். வேதக்காரனைக் கட்டிவிட்டாள் என்று அவளுடைய வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள். என்னுடைய ஆட்கள் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, மட்டக்களப்பார் மந்திரம் செய்து பாயோட ஒட்டிப்போடுவினம். பிறகு நீ எங்களிட்ட வரமாட்டாய்." இது என் மூத்த அக்கா ஜெசி.

இந்தப் பாய்க் கதை எங்கள் பக்கத்தில் எத்தனையோ தலைமுறையாக ஓடுகிறது. வேலைக்கென்று கிழக்கே, மட்டக்களப்புப் பக்கம் போன ஆம்பிளை அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டால், அவனுக்கு அங்கே நல்ல சோறும் நல்ல மனிசரும் கிடைத்தார்கள் என்று ஒப்புக்கொள்ள எங்களுக்கு மனம் வராது. மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டிவிட்டார்கள் என்போம். கப்பலேறி, விமானமேறி, அகதி வழக்குப் பேசி வென்ற பிறகும் அந்தக் கதையைக் கனடாவுக்குக் காவிக்கொண்டு வந்திருக்கிறோம்.

எங்கள் கல்யாண விருந்தன்று, மண்டபத்தில் வசந்தி ஒவ்வொரு மேசையாகக் கேக் கொடுத்துக்கொண்டு வந்தாள். அக்காவின் மேசைக்குக் கிட்ட வரும்போது, "சூனியக்காரி வாறாள், எல்லாரும் பாயைச் சுருட்டி வையுங்கோ" என்றாள் அக்கா. மேசையே சிரித்தது. வசந்தி அந்த மேசையிலும் ஒவ்வொருவருக்கும் கேக் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அக்கா, இனி அந்தச் சொல் உங்கட வாயில வந்தால் என்ர வீட்டுப் படி ஏற வேண்டாம்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். அக்கா அன்றைக்குச் சாப்பிடாமல் எழும்பிப் போனவள்தான், பிறகு ஒரு ஈஸ்டருக்குத்தான் வந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் வைத்து வசந்திக்கு வாக்குக் கொடுத்தேன். "என்ர வாயிலயிருந்தோ என்ர ஆக்களின்ர வாயிலயிருந்தோ அந்தச் சொல் இனி உமக்குக் கேக்காது."

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "உங்கட ஆக்கள விடுங்க. உங்கட வாய்க்கு மட்டும் நீங்க பொறுப்பா நில்லுங்க, போதும்" என்றாள்.

வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை. நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை, மதம் மாறச் சொல்லிக் கேட்கவில்லை. இந்தக் கல்யாண மண்டபக் கதையை நான் போகிற இடமெல்லாம் சொல்லிப் பேர் வாங்கியிருக்கிறேன். இந்தத் தொடரிலேயே ஏதோ ஒரு வாரம் மார்தட்டி எழுதினேன். அதை வாசித்துவிட்டு 'உங்களைப் போல் ஒரு கணவர் வேண்டும்' என்று யூனியன்வில்லில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவர் இந்த வாரத்தையும் வாசிக்கட்டும்.

பத்துச் சில்லு

பல வருடம் கொம்பனி ட்ரக் ஓட்டிய பிறகு சொந்தமாக ஒரு ட்ரக் எடுத்தேன். புதியதல்ல, இன்னொருவர் ஓட்டிக் களைத்தது. ஆனாலும் வசந்தி றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் பூசை செய்யாமல் அதை றோட்டில் விடமாட்டேன் என்று நின்றாள். ட்ரெயிலரைக் கழற்றி, ட்ரக்குகள் நிறுத்தும் யார்ட்டில் விட்டுவிட்டு, முன்பகுதியை மட்டும் ஓட்டிக்கொண்டு போனோம்.

பூசைக்கு வந்த ஐயர் காருக்குப் பூசை செய்து பழகியவர். நாலு தேசிக்காயோடு வெளியே வந்தவர், ட்ரக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு நின்றார்.

"எத்தினை சில்லு?"

"பத்து, ஐயா."

"நாலுதான் கொண்டுவந்தனான்."

வசந்தி தன் கைப்பையைத் திறந்தாள். மிச்சம் ஆறும் அதற்குள் இருந்தன. எண்ணிப் பார்த்து வாங்கி வந்திருக்கிறாள். இரட்டைச் சில்லுகளுக்குக் கீழே குனிந்து அவளே வைத்தாள். நான் ஏறி மெதுவாக முன்னுக்கு எடுக்க, பத்தும் நசிந்து கோயில் கார் நிறுத்துமிடம் முழுக்கத் தேசிக்காய் மணத்தது. கண்ணாடியில் பார்த்தேன். கை இரண்டையும் கூப்பிக்கொண்டு சின்னப் பிள்ளையைப் போலச் சிரித்தபடி நின்றாள்.

அடுத்த ஞாயிறு எங்கள் பங்குச் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். அந்தோனியார் படம் ஒன்றை முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டினேன். இரண்டு பக்கமும் காப்புறுதி இருக்கிறது என்று நண்பர்களுக்குச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் வசந்தியும் சேர்ந்துகொண்டாள். அது வேறு சிரிப்பு.

ஐயர் பிறகு கோயிலுக்குள்ளிருந்து எடுத்துவந்து கொடுத்த பதினோராவது தேசிக்காயை வசந்தி ஸ்டியறிங்குக்கு முன்னால் வைத்தாள். முதல் சிவப்பு விளக்கில் அது உருண்டு பிரேக்குக்குக் கீழே போய்விட்டது. நான் பயத்தில் கத்தினேன். அன்றிலிருந்து அதன் இடம் மேல்தட்டு, அந்தோனியாருக்குப் பின்னால்.

கறிவேப்பிலை பொறுக்குதல்

நான் புறப்படுகிற நாட்களில் வசந்திதான் என்னை யார்ட்டுக்குக் காரில் கொண்டுவந்து விடுவாள். விட்டுவிட்டுத் திரும்பிப் போகமாட்டாள். ட்ரக்குக்குள் ஏறி, பின்னால் இருக்கும் கட்டிலுக்குப் புதுத் துணி விரிப்பாள். சாப்பாட்டுப் பெட்டிகளை அடுக்குவாள். தேசிக்காய் வாடிப்போயிருந்தால் எடுத்துவிட்டுப் புதியது வைப்பாள்.

எல்லைச் சட்டம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அமெரிக்காவுக்குள் ஆட்டிறைச்சிக் கறி கொண்டுபோகக் கூடாது. அதனால் சோயா கறிதான் வைப்பாள். கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது. ஆனால் கறிவேப்பிலை போடாமல் தாளிக்க அவளுக்குக் கை வராது. போட்டுத் தாளித்துவிட்டு, பிறகு குசினி விளக்குக்குக் கீழே சட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி எடுப்பாள். பருப்புக்குள், சம்பலுக்குள், எல்லாவற்றுக்குள்ளும். ஒரு துண்டு தப்பியிருந்தால் என் கார்டுக்கு ஆபத்து என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்ப்பாள்.

கார்டு என்றது, எல்லையில் மினக்கெடுத்தாமல் விடுவதற்காக நம்பிக்கையான சாரதிகளுக்குக் கொடுக்கும் அட்டை. அது இருந்தால்தான் அமெரிக்கப் பயணம் கிடைக்கும். பொய் சொல்லிப் பிடிபட்டால் போய்விடும்.

அப்படி இலை பொறுக்கியவளும் நானும் ஒரு நாளும் யோசிக்காத விசயம், அந்தத் தேசிக்காயும் ஒரு பழம் என்பது. கறிக்குப் பிழிகிற தேசிக்காய் பழம்தான். அது குசினியில் இருப்பது. ட்ரக்கில் இருந்தது சாமியின் பொருள். அதிகாரி ஒவ்வொரு முறையும் "பழம், மரக்கறி, இறைச்சி, செடிகொடி ஏதும் இருக்கிறதா" என்று கேட்க, ஒவ்வொரு முறையும் நான் இல்லை என்றேன். முழு மனதோடுதான் சொன்னேன். வேறு எந்த ஊர்ச் சாரதிக்கும் இந்தப் பிழை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நாய் இருந்தது

அன்றைக்கும் இல்லை என்றேன். ஆனால் ஓரமாக எடுத்து நிறுத்தச் சொன்னார்கள். அப்படி இடைக்கிடை யாரையாவது மறிப்பார்கள். ஹெட்செட்டைத் தலையிலிருந்து கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டபடி இறங்கி நின்றேன்.

ஒரு அதிகாரி கபில நிற நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தார். அது ட்ரக்குக்குள் ஏறியது. சாப்பாட்டுப் பெட்டிகளை மணந்து பார்த்துவிட்டு விலகியது. அப்போது வசந்தியை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அந்த நாய் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு சத்தமும் போடாமல் சாரதி ஆசனத்தில் குந்தி இருந்தது. எதையாவது கண்டுபிடித்தால் அப்படி இருக்கப் பழக்கியிருக்கிறார்கள்.

அதிகாரி மேல்தட்டில் கையை விட்டார். தேசிக்காய் வந்தது. கூடவே வேப்பிலையும் ஒரு சிவப்பு நூலும் வந்தன. கையுறையில் குங்குமம் ஒட்ட, அவர் அதை இரத்தம் என்று நினைத்தாரோ என்னவோ, கையைத் தள்ளிப் பிடித்தார்.

"இது என்ன?"

கார்டு போகப் போகிறது என்பது மட்டும்தான் தலைக்குள் நின்றது.

"யாருடையது?" என்று கேட்டார்.

என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். பத்துத் தேசிக்காயை நசித்து ஓட்டிய வண்டி என்னுடையது. அதில் இருந்த எல்லாம் என்னுடையது. கோயிலில் கொடுத்தது, பழம் என்று நினைக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு வரும்.

நான் கழுத்துச் சங்கிலியை இழுத்துச் சிலுவையை வெளியே எடுத்துக் காட்டினேன். அந்தோனியாரைக் கையால் காட்டினேன். "நான் கிறிஸ்தவன். இதெல்லாம் எனக்கில்லை. என் மனைவி வைத்தது" என்றேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அதிகாரியின் முகம் இளகவில்லை. அதை இளக வைக்க வேண்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று அவசரப்பட்டது. நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுழற்றிக் காட்டி, "ஷீ இஸ் எ லிட்டில் பிட் விட்ச்" என்றேன்.

தமிழில் சொன்னால் சூனியக்காரி. அதே சொல்.

அதிகாரி சிரித்தார். நாயைக் கூட்டிவந்த மற்றவருக்கும் திரும்பிச் சொன்னார். அவரும் சிரித்தார். நான் அவர்கள் இருவரையும்விடப் பெரிதாகச் சிரித்தேன். அவர்கள் சிரித்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நினைக்கத்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மூன்று ஆம்பிளைகளாக நின்று, அங்கே இல்லாத ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தோம். நான் அவர்களில் ஒருவன் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

சிரித்து முடித்துவிட்டுக் கார்டைத் தாருங்கள் என்று கையை நீட்டினார்.

வைக்காத லைன்

அதன் பிறகுதான் வாங்கு, மேசை, பிளாஸ்டிக் பை, போன். நீங்க வைக்கல்லத்தானே என்றவளுக்கு என்ன சொல்வது? அவளுக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம். பாண் தொழிற்சாலையில் வெள்ளைக்கார மேற்பார்வையாளரோடு எனக்காகவும் பேசியவள் அவள்தான்.

"வசந்தி, நான் ஒரு பகிடிக்கு..."

"சாப்பாட்டை எடுத்துப் போட்டாங்களா?"

"இல்லை."

"அப்ப நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். லைனை அவள்தான் வைத்தாள்.

கார்டை வைத்துக்கொண்டு என்னை விட்டார்கள். பின்னேரம் ஒரு ட்ரக் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். மனவருத்தத்தில் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். பொய். நன்றாகவே சாப்பிட்டேன். கறிவேப்பிலை மணம் இருந்தது, ஒரு இலைகூட இல்லை. வழித்துச் சாப்பிட்டுவிட்டு, என்ன மனிசன் நான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது வழக்கம்போல யார்ட்டில் காரோடு நின்றாள். ஆனால் இறங்கவில்லை. ட்ரக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. காருக்குள் ஏறி, வழி முழுக்க ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பைத் தொடங்கினேன்.

"நீர் அதை மனசில வைச்சிருக்கக் கூடாது. கார்ட் போயிடும் எண்ட பதற்றத்தில..."

"கார்ட எடுத்திட்டாங்களா?"

"ஓம்."

"நான்தானே வைச்சன். பிழை என்டதான்" என்றாள்.

சண்டை பிடித்திருக்கலாம். கல்யாண மண்டபத்தில் நான் அக்காவை ஏசியதைப் போல என்னை ஏசியிருக்கலாம். ஃபின்ச் றோட்டில் திரும்பும்போது, நாளைக்குக் குளிராம், தடித்த ஜக்கெட்டைப் போடுங்க என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை

இப்போது நான் மொன்றியலுக்கும் சட்பரிக்கும் ஓடுகிறேன். எல்லைப் பக்கம் வேலையில்லை. அதுகூட ஒரு வசதிதான். வாரக் கடைசியில் வீட்டில் நிற்கிறேன். அப்படி நின்ற ஒரு ஞாயிறு, சேர்ச்சில் பூசை முடிந்து எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன்.

அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னர்தான் ஹோலைக் கவனித்தேன். எங்கள் வீட்டில் சாமித்தட்டு ஒன்றுதான். ஒரு பக்கம் என்னுடைய மாதா; மற்றப் பக்கம் வசந்தியின் பிள்ளையாரும் முருகனும், அவளுடைய ஊர்க் கண்ணகி அம்மனும். கல்யாணம் செய்த நாளிலிருந்து அப்படித்தான். இப்போது மாதா மட்டும் நின்றார். மற்றப் பக்கத்தில் தூசுகூட இல்லை. துடைத்திருந்தாள்.

பேஸ்மென்றுக்கு இறங்கினேன். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கும் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கும் நடுவில், ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்து, வெள்ளைத் துணி விரித்து, மூன்று படங்களையும் வைத்திருந்தாள். முன்னால் சின்ன விளக்கு. அம்மனுக்கு ஒரு செவ்வரத்தம்பூ. எத்தனை நாளாக அங்கே இருந்தன என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்ததே அன்றைக்குத்தான்.

வசந்தி துடைத்த கோப்பைகளை எடுக்கக் கீழே வந்தாள்.

"ஏன் இஞ்ச கொண்டுவந்தனீர்?"

"ஆக்கள் வாறாங்கதானே."

"வந்தால் என்ன? எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள்."

அவள் கோப்பைகளை எண்ணி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குரலில் ஒரு கோபமும் இல்லை. எனக்கு உதவி செய்கிறவளைப் போலத்தான் சொன்னாள்.

"மேல இருந்தா இது ஆருடையது எண்டு கேப்பாங்க. மறுகா நீங்க என்னத்தையாவது சொல்லிச் சிரிக்க வேண்டி வரும்."

மேலே மணி அடித்தது. வசந்தி படியேறிப் போய்க் கதவைத் திறந்தாள். "வாங்க, வாங்க. அவர் கீழ நிக்கிறார், இப்ப வந்திருவார்" என்று அவர்களுக்குச் சொல்வது கேட்டது.